மீன்கொத்திக்கு எத்தனை எம்எம்?

போன இதழின் மூலையில் "டெலி லென்ஸ் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். (தூரத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாகக் காட்டுவதுதான் டெலி லென்ஸ்; எம்எம் எண் கூடக் கூட இழுப்பும் கூடும்.) வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: குறைந்த செலவில் பறவையும் எடுக்க வேண்டும், விளையாட்டும் எடுக்க வேண்டும், எந்த லென்ஸ் வாங்கலாம்? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களையும் விட்டுவிட்டேன். விலை எதுவும் எழுதவில்லை; இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிராப் சென்சர் டிஎஸ்எல்ஆரும் (படம் பதியும் சில்லான சென்சர் சற்றுச் சிறியதாக உள்ள, லென்ஸ் மாற்றும் கேமரா), அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. ஏரிக்கரைப் பறவைகள், கல்லூரிக் கால்பந்து இரண்டையும் எடுக்க ஆசை. "வாங்கினால் 600 எம்எம் வாங்கு, இல்லாவிட்டால் சும்மா இரு" என்கிறான் நண்பன். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம்தான் கையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பொருளின் அளவை லென்ஸின் எம்எம்மால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் (அளவையும் தூரத்தையும் ஒரே அலகில் எழுதி), சென்சரில் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிந்துவிடும்.

சிறிய மீன்கொத்தி அலகிலிருந்து வால் வரை சுமார் 16 செ.மீ. இருக்கும். 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 300 எம்எம்மில் அது சென்சரில் 4.8 மி.மீ. விழும், 600 எம்எம்மில் 9.6 மி.மீ. உங்கள் சென்சரின் அகலம் ஏறக்குறைய 23 மி.மீ. ஆக, 300-இல் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு பறவை, 600-இல் ஐந்தில் இரண்டு பங்கு. இங்கே நண்பர் ஜெயித்துவிட்டார். ஆனால் அதே 300-ஐ வைத்துக்கொண்டு 5 மீட்டருக்குப் போய்விட்டால்? அதே 9.6 மி.மீ.தான்.

5 மீட்டருக்கு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். துரத்திக்கொண்டு போனால் முடியாது. மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும் பறவை. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைப் பாருங்கள். எதன் மேல் வெள்ளையாக எச்சம் வடிந்து காய்ந்திருக்கிறதோ அதுதான் அதன் நாற்காலி. விடிவதற்கு முன்பே போய், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி இடம் பார்த்து, பளிச்சென்ற சட்டை போடாமல் உட்கார்ந்துவிடுங்கள். முதல் நாள் வராது. இரண்டாம் நாள் வந்து, உங்களைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே போய்விடும். நான்காவது நாள் நீங்கள் அதற்கு ஒரு கல் மாதிரி. (கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவை உங்களுக்குப் பயந்து திரும்பிப் போனால், பட்டினி கிடப்பது குஞ்சுதான்.)

இப்போது கால்பந்துக்கு வருவோம். 1.75 மீட்டர் உயர ஆட்டக்காரர் 40 மீட்டரில் ஓடுகிறார். 300-இல் அவர் 13 மி.மீ. உயரம் விழுவார். கேமராவைக் கிடையாகப் பிடித்தால் உங்கள் சென்சரின் உயரம் சுமார் 15 மி.மீ. கச்சிதம். அவரே பந்தோடு உங்களை நோக்கி ஓடிவந்து 10 மீட்டரில் நிற்கிறார். நண்பர் சொல்லும் 600-ஐ எட்டுகிற 150-600 ஜூமில் ஆகக் குறைந்த 150-இலேயே அவர் 26 மி.மீ. கால் போச்சு, பந்தும் போச்சு. 70-க்குத் திருப்ப முடிந்தால் 12 மி.மீ.; தலையிலிருந்து பந்து வரை அடங்கிவிடும். கோல் விழுவதும், விழுந்தவுடன் கட்டிப்பிடித்துக் குதிப்பதும் பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்தில்தான் நடக்கும். கால்பந்தில் நண்பர் தோற்றார்.

அதனால் முதல் டெலியாக 250 அல்லது 300 வரை போகிற சின்ன ஜூம் ஒன்றை வாங்குங்கள். கேனன் என்றால் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 2013-இல் வந்தது, எடை 375 கிராம், பழையதாக நிறையக் கிடைக்கும். பெயரில் 'எஸ்டிஎம்' (ஃபோகஸ் மோட்டாரின் வகை) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முந்தைய பதிப்புகளில் ஃபோகஸ் மந்தம், ஓடுகிற ஆளைப் பிடிப்பதற்குள் ஆள் போய்விடுவார். கேனனிலேயே 75-300 என்று ஒன்று இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதில் ஸ்டெபிலைசரும் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு) கிடையாது, 300-இல் படமும் மென்மையாகத்தான் வரும்; என் ஓட்டு அதற்கு இல்லை.

நிக்கான் என்றால் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300. இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. விஆர் (நிக்கான் ஸ்டெபிலைசருக்கு வைத்த பெயர்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை, பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். விஆர் உள்ளதை வாங்குங்கள். அடுத்தது, டி90, டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், தமக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் அவற்றில் கையால் திருப்பத்தான் ஆகும்.

ஒரு வருடம் இதில் எடுங்கள். பிறகு படங்களின் தகவலைத் திறந்து பாருங்கள். பத்தில் எட்டு 300-இலேயே எடுக்கப்பட்டு, அப்புறமும் வெட்டிப் பெரிதாக்கப்பட்டிருந்தால், உங்களுக்குப் பறவைப் பைத்தியம் முற்றிவிட்டது. அன்றைக்கு நண்பரைக் கூட்டிக்கொண்டு போய், நல்ல நிலையில் உள்ள பழைய 150-600 ஒன்றைத் தேடுங்கள். எப்படித் தேடுவது என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மகள் பூப்பந்து (பேட்மின்டன்) ஆடுகிறாள். உள்ளரங்கம். 70-300 லென்ஸ் வாங்கினேன். ஸ்டெபிலைசர் இருக்கிறது, கை ஆடினாலும் படம் ஆடாது என்றார்கள். எடுத்த எல்லாப் படத்திலும் வலை தெளிவாக இருக்கிறது, மகள்தான் கலங்கித் தெரிகிறாள். ஒரு படத்தின் விவரம்: 1/80 நொடி (ஷட்டர் திறந்திருந்த நேரம்), எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 1600 (சென்சரின் உணர்திறன்).

பதில்: வலை தெளிவாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது, அம்மா. ஸ்டெபிலைசர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அது நிறுத்துவது உங்கள் கையின் நடுக்கத்தை. மகளின் கையை அதனால் நிறுத்த முடியாது. 1/80 நொடியில் ராக்கெட் பாதி அரங்கைச் சுற்றி வந்துவிடும். பூப்பந்துக்கு 1/800, முடிந்தால் 1/1000 வேண்டும். அதற்கு இப்போது கிடைப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் தேவை.

எனக்கும் இதே பாடம் ஒரு கைப்பந்துப் போட்டியில் கிடைத்தது. புது ஜூம், புது உற்சாகம், இரண்டு மணி நேரத்தில் 200-க்கு மேல் படங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேறியது ஒன்றே ஒன்று. இடைவேளையில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்த படம். அதை எடுத்து என்ன செய்ய?

உள்ளரங்கில் விளையாட்டு எடுப்பவர்கள் 70-200 எஃப் 2.8 வைத்திருப்பார்கள். எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும். விலையும் அதற்கேற்ப இருக்கும், எடையும் ஒன்றரை கிலோ பக்கம் வரும். நீங்கள் அங்கே போக வேண்டாம். 85 எம்எம் எஃப் 1.8 பிரைம் ஒன்றை வாங்குங்கள். ஜூம் கிடையாது, பார்க்கச் சின்னதாக இருக்கும், விலை அந்தப் பெரிய லென்ஸில் ஒரு சிறு பங்குதான். எஃப் 5.6-இலிருந்து 1.8-க்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 10 மடங்கு. சற்றுத் தெளிவுக்காக எஃப் 2-இல் வைத்து, ஐஎஸ்ஓவை 3200 ஆக்கினால், அதே அரங்கில் உங்களுக்கு 1/1200 கிடைத்துவிடும். 3200-இல் கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும், பரவாயில்லை. மணலைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம். கலங்கிய முகத்தை எதுவும் செய்ய முடியாது.

85 போதுமா என்று சந்தேகம் வரும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 13.4 மீட்டர். ஒரு முனைக்குப் பின்னால் ஓரமாக உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் ஆடும் மகளைக் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். 10 மீட்டரில் அவள் படத்தின் பாதி உயரத்துக்கு மேல் வருவாள். குதித்து அடிக்கும்போது ராக்கெட் வெட்டுப்படாமல் இருக்க மேலே இடமும் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று. வேகமாக எடுக்க ஆரம்பித்ததும் ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது சரியாக, அடுத்தது பாதி இருட்டாக வரலாம். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சில அரங்க விளக்குகள் மின்சாரத்தின் தாளத்துக்கு நொடிக்கு 100 அல்லது 120 முறை மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். பல கேமராக்களின் மெனுவில் 'ஆன்ட்டி ஃப்ளிக்கர்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள்.

70-300-ஐ விற்றுவிடாதீர்கள். பள்ளியின் திறந்தவெளி ஓட்டப் பந்தயத்துக்கு அதுதான்.

கேள்வி: 650-1300 எம்எம் என்று ஒரு லென்ஸ் மிக மிக மலிவாக விளம்பரத்தில் வருகிறது. நிலாவையே பக்கத்தில் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: நிலாவுக்கு மட்டும் என்றால் வாங்குங்கள், அது எங்கேயும் ஓடாது. அந்த லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை, கேமராவோடு பேச ஒரு மின்தொடர்பும் இல்லை. எஃப் 8-இல் தொடங்கி 16-இல் முடிகிறது. 1300 எம்எம்மில் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உங்கள் இதயத்துடிப்புக்கு ஏற்ப மரம் குதிக்கும். பறக்கும் பறவையை அதில் பிடித்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கேள்வி: மாலையில் நடைபோகும்போது பறவை பார்ப்பவன். ஓய்வுபெற்றவன். பழைய 150-600 ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர் நேரில் வந்து பார்க்கச் சொல்கிறார். என்னென்ன பார்க்க வேண்டும்? எந்த நிறுவனத்துடையது நல்லது?

பதில்: முதலில் ஒரு சொந்தக் கதை. என் முதல் 300-ஐ ஒருவர் வீட்டு வாசலில் அந்தி நேரத்தில் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. மறுநாள் இரவு சும்மா டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டாவது கண்ணாடியில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வேர் ஒன்று கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. விற்றவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. பிரித்துத் துடைத்தும் தடம் போகவில்லை; கண்ணாடியின் பூச்சையே தின்றிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் கலந்த தண்ணீர் மாதிரி வரும்.

ஆகவே பகலில் போங்கள், சட்டைப் பையில் சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, ஒரு முனையில் டார்ச்சைச் சாய்வாக அடித்து மறு முனையிலிருந்து பாருங்கள். பிறகு முனைகளை மாற்றிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தூசி தெரியும். நீண்டு விரியும் ஜூம்களில் அது சகஜம், படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போலவோ வேர் போலவோ தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். மூச்சு பட்ட கண்ணாடி போல மொத்தமாக மங்கலாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் திருகாணிகள். மவுண்ட்டைச் (கேமராவில் மாட்டும் வளையம்) சுற்றியுள்ள திருகாணித் தலைகள் தேய்ந்து கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். முன்வளையத்தில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்திருக்கிறது. ஜூம் வளையத்தை 150-இலிருந்து 600 வரை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் இறுகி, பிறகு விடுபட்டால் உள்ளே ஏதோ வளைந்திருக்கலாம். மணல் நெரிபடும் உணர்வு இருந்தால் மணலேதான். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் முன்குழாய் தானாக வழுக்கி இறங்குவது இந்த வகையில் வழக்கம். அதற்காகத்தான் பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டு பிடிக்கிறதா பாருங்கள்.

கேமராவை எடுத்துப் போயிருப்பீர்கள். செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, டைமர் போட்டு, 600-இல் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுக்கத் திறந்து எடுங்கள். பெரிதாக்கி நான்கு மூலைகளையும் படியுங்கள். நான்கும் ஒரே மாதிரி சற்று மென்மையாக இருந்தால் சரி. இடப்பக்க எழுத்து படிக்க முடிகிறது, வலப்பக்கம் முடியவில்லை என்றால் (காகிதத்துக்கு நேர் எதிரே நின்றுதான் எடுத்தீர்கள் என்றால்) உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அடுத்து ஸ்டெபிலைசரைப் போட்டு, ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். பல லென்ஸ்களில் மெல்லிய 'கிர்ர்' கேட்கும், காட்சி மிதப்பது போல நிற்கும். துள்ளினால் கோளாறு. பக்கத்துச் செடி, தூரத்துக் கம்பம், மறுபடி செடி என்று இருபது தடவையாவது ஃபோகஸை ஓடவிடுங்கள். எஃப் 11-இல் வேகமாகப் பத்துப் படம் எடுங்கள். வெளிச்சம் பத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஹூட் (முன்பக்க வெளிச்ச மறைப்பு), முக்காலி வளையம் இரண்டும் கூட வருகின்றனவா என்று கேட்க மறக்காதீர்கள். பின்னால் தனியாக வாங்கினால் செலவு கசக்கும்.

எந்த நிறுவனம்? இந்த வகையை எல்லாருக்கும் எட்டும்படி செய்தது 2013 கடைசியில் டாம்ரான் அறிவித்த 150-600. 2016-இல் அதன் ஜி2 பதிப்பு வந்தது. சிக்மாவில் இரண்டு உண்டு: கன்டெம்பரரி 1,930 கிராம், ஸ்போர்ட்ஸ் 2,860 கிராம். நடைப்பயிற்சிக்கு நீங்கள் எடுத்துப்போக வேண்டியது கன்டெம்பரரி. நிக்கான் பாடி வைத்திருந்தால் 2015-இல் வந்த நிக்கானின் 200-500 எஃப் 5.6-ஐயும் பாருங்கள்; 2,300 கிராம், ஆனால் 500 வரை எஃப் 5.6 குறையாது. டாம்ரான் ஜி2, சிக்மா இரண்டிலும் வீட்டிலேயே மென்பொருளைப் புதுப்பிக்கத் தனிச் சாதனம் உண்டு. 2013 டாம்ரானுக்கு அது பொருந்தாது. நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) மாறி அடாப்டர் போட்டு உபயோகிக்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். பழைய மென்பொருளோடு சில பிரதிகள் புதுப் பாடிகளில் மக்கர் செய்யும்.

வாங்கியபின் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சைக்கு அது மெத்தை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், சின்ன ஈரப்பத அளவி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

கேள்வி: இரண்டு கிலோ லென்ஸைக் கையில் தூக்கி எத்தனை நேரம் எடுக்க முடியும்?

பதில்: எனக்குப் பத்து நிமிடம். மைதானத்தில் மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) போதும். வண்டிக்குள்ளிருந்து எடுப்பதற்குப் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, தானியம் நிரப்பி, இரு முனையும் தைத்து, இறக்கிய கண்ணாடி விளிம்பில் போட்டு அதன் மேல் லென்ஸை வைக்கிறேன். இஞ்சினை நிறுத்திவிட வேண்டும், அது முக்கியம்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் 150-600 வாங்கினேன். 600-இல் எல்லாமே மங்கல். வயல்வெளியில் நிற்கும் நாரைகளை நண்பகலில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். லென்ஸ் பழுதா?

பதில்: படங்களைப் பார்த்தேன். நாரையின் கழுத்தைக் கவனியுங்கள்: நேராக இருக்க வேண்டிய கோடு, தண்ணீருக்குள் தெரிவது போல நெளிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களில் நெளிவு இடம் மாறியும் இருக்கிறது. இது லென்ஸின் வேலை இல்லை, வெயிலின் வேலை. சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று அலை அலையாக நெளிகிறது. 600 எம்எம் பறவையைப் பெரிதாக்குவது போல அந்த நெளிவையும் பெரிதாக்கும். எந்த விலை லென்ஸ் போட்டாலும் இதற்கு மருந்து இல்லை. அதே நாரையைச் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள்.

தூரமும் ஒரு காரணம். நீங்கள் நின்ற இடத்துக்கும் பறவைக்கும் நடுவில் நூறு மீட்டராவது இருக்கும். 20 மீட்டரில் உள்ளதை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் லென்ஸைத் திட்டலாம்.

அதிலும் மங்கல் என்றால் மூன்றைச் சோதியுங்கள். முன்னால் மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். 600-இல் அது படத்தைக் கெடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஷட்டர் 1/1000-க்குக் கீழே இருந்தால் ஏற்றுங்கள், பறக்கும் பறவைக்கு 1/2000. அப்பர்ச்சரை எஃப் 8-க்குக் கொண்டுவாருங்கள். இந்த வகை ஜூம்களில் பலவும் 600-இல் முழுக்கத் திறந்தால் சற்று மென்மையாகவும், எஃப் 8-இல் பளிச்சென்றும் இருக்கும். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கிய உடனே எடுப்பவர் என்றால், லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கேள்வி: என் 70-300-க்கு 2எக்ஸ் டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி இரு மடங்காக்கும் துணை லென்ஸ்) போட்டால் 600 ஆகிவிடும் அல்லவா?

பதில்: எண்ணில் ஆகும். எஃப் 5.6 என்பது எஃப் 11 ஆகும், வெளிச்சம் கால்பங்காகும், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோ ஃபோகஸ் படுத்துவிடும். அதோடு பல 70-300 லென்ஸ்களின் பின்பக்கத்தில் கன்வர்ட்டர் உட்காரவே உட்காராது. 300-இல் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேனன் ஆர் வரிசை மிரர்லெஸ் வைத்திருக்கிறேன். ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8, ஆர்எஃப் 600 எஃப் 11. இரண்டில் எது? எஃப் 11 என்றாலே சிரிக்கிறார்களே.

பதில்: சிரிப்பவர்கள் 930 கிராமில் வேறு 600 எம்எம் இருந்தால் காட்டட்டும். 2020-இல் வந்த அந்த லென்ஸ் நல்ல வெயிலில், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 150-600 ஜூம்கள் 600-இல் தரும் எஃப் 6.3-இன் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அப்பர்ச்சர் அந்த ஓர் அளவிலேயே நிற்கும். 4.5 மீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. கேமராவைப் பொறுத்து, நடுப்பகுதியில் மட்டும்தான் ஃபோகஸ் புள்ளிகள் கிடைக்கும். விளையாட்டும் எடுப்பேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 100-400. 635 கிராம், ஃபோகஸ் வேகம், பட்டாம்பூச்சிக்கு ஒரு மீட்டருக்குள்ளும் போகலாம். மழையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள், நீர்க்காப்பு கிடையாது.

இருட்டும் நேரத்து ஆந்தைதான் உங்கள் ஆசை என்றால், இந்த இரண்டுமே வேண்டாம்.

கேள்வி: லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம். 3000 எம்எம் ஜூம் உள்ள ஒற்றைக் கேமரா வாங்கினால் என்ன?

பதில்: நீங்கள் சொல்வது நிக்கான் பி1000 என்று நினைக்கிறேன், 2018-இல் வந்தது. பகல் வெளிச்சத்தில் தூரத்து மரத்தின் உச்சியில் என்ன பறவை என்று அடையாளம் காண அதைப் போல வசதி வேறில்லை. ஆனால் உள்ளே இருப்பது கைப்பேசி சென்சர் அளவுள்ள சின்னச் சென்சர்; மேகம் மூடினால் படமும் மூடிக்கொள்ளும், பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிப்பதும் கஷ்டம். பட்டியலில் பறவையின் பெயரை எழுதத்தான் படம் என்றால் தாராளமாக வாங்குங்கள். சுவரில் மாட்ட என்றால் வேண்டாம்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் பையில் என்ன இருக்கிறது?

பதில்: 70-300 ஒன்று, ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்ந்து கழன்றுகொண்டே இருந்ததால் கறுப்பு டேப் சுற்றியது. 150-600 ஒன்று, மூன்றாவது கை. 85 எஃப் 1.8 ஒன்று. போன வாரம் மூன்றையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் ஏரிக்குப் போனேன். 600-ஐ முக்காலியில் ஏற்றி, தூரத்துக் கிளைக்குக் குறிவைத்துக் காத்திருந்தேன். மீன்கொத்தி வந்தது. வந்து என் முக்காலியின் காலுக்கு இரண்டடி தள்ளி ஒரு கம்பின் மேல் உட்கார்ந்தது. 150-600 அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது. பையிலிருந்து 70-300-ஐ எடுக்கக் கை நீட்டினேன். ஜிப் சத்தத்தில் பறந்துவிட்டது. இப்போது பையின் ஜிப்புக்கு மெழுகு தடவி வைத்திருக்கிறேன்.